தொப்பூரில் மூடி ஓமலூரில் திறக்கும் சோறு

அப்பா,

இன்று சாயங்காலம் நம் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கும் இடத்தையும் விட்டுவிட மாட்டேன். நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதும் கட்டுரைகளை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது பாப்பா, இதுல எது நெசமா நடந்துச்சு?" என்று கேட்பீர்களே. இதில் எல்லாமே நடந்தது.

கம்பளியிலிருந்துதான் தொடங்கியது. மார்கழியில் அதியமான்கோட்டைக் குளிர் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் பைபாஸில் வண்டிகள் லைட் போட்டுக்கொண்டுதான் போகின்றன. காலையில் அம்மா வேலைக்குப் போனதும் போர்வை தேடிப் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் உங்கள் சாம்பல் நிறக் கம்பளி இருந்தது. உங்கள் சாமான்களை லாரி முதலாளி வண்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்த அன்று அம்மா அதை மடித்து உள்ளே வைத்தாள். அதன் பிறகு தொடவில்லை. நான் எடுத்து உதறினேன். டீசல் நாற்றம் வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது கிராம்பு வாசனை. அதற்கு அடியில் புதினா. அதற்கும் அடியில்தான் டீசல். போர்வையில் சோற்று வாசனை அடிக்கிற வீடு இந்த ஊரில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்பா தவறிவிட்டார், லாரி டிரைவர் என்று சொன்னதுமே எல்லாரும் "ஆக்சிடென்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை, வீட்டில்தான், நெஞ்சுவலி, வண்டியைக் கொண்டுபோய் ஒழுங்காக நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்குகிறேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. இது சரியா என்று தெரியவில்லை. ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். பாலக்கோட்டு மண்டியிலிருந்து மதுரைக்கு எத்தனை லோடு தக்காளி ஏற்றிப் போயிருப்பீர்கள்! உங்கள் வண்டியால் ஒரு கோழிக்குஞ்சுக்கும் காயம் பட்டதில்லை.

வண்டியில் ஒற்றை அடுப்பு. சோறு தனி, குழம்பு தனி என்று ஆக்க வழியில்லை. அதனால் காய், அரிசி, மசாலா எல்லாம் ஒரே அலுமினியக் குண்டானில். அதையும் கடைசிவரை அடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரம் இருக்காது. தொப்பூர்க் கணவாய் இறங்குவதற்கு முன்னால் பிரேக் பார்க்க வண்டிகளை ஓரங்கட்டுகிற இடத்தில் அடுப்பைப் பற்றவைப்பீர்கள். தண்ணீர் வற்றி அரிசி மட்டத்துக்கு வந்து, மேலே குழிகுழியாகத் தெரியும்போது அணைத்துவிடுவீர்கள். குண்டானை மூடி, தார்ப்பாய் கட்டுகிற கயிற்றுத் துண்டால் இறுக்கி, கம்பளியில் நாலு சுற்றுச் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வண்டியை எடுப்பீர்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சோறு தன் சூட்டிலேயே வெந்துகொண்டு வரும். "தொப்பூர்ல மூடுனா ஓமலூர்ல தொறக்கணும்." உங்கள் சமையல் குறிப்பு மொத்தமே இவ்வளவுதான்.

எனக்கு எப்போதும் வியப்பாக இருந்தது, வீட்டுக்கு வந்தும் அதே மாதிரியே நீங்கள் ஆக்கியதுதான். லோடு இறக்கிவிட்டு வருகிற நாளில் அம்மாவை அடுப்பங்கரைக்குள் விடமாட்டீர்கள். மண்டியில் அடிபட்ட தக்காளியாகப் பொறுக்கி வாங்கி வந்திருப்பீர்கள். "அடிபட்டதுதான் சீக்கிரம் கரையும்" என்பீர்கள். பீன்ஸும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஒரே அளவாக நறுக்குவீர்கள். பட்டாணியை மட்டும் என்னை உரிக்கச் சொல்வீர்கள். உரித்ததில் பாதியை நான் பச்சையாகத் தின்றுவிடுவேன் என்று தெரிந்தே கூடக் கொஞ்சம் வாங்கியிருப்பீர்கள். பட்டை, கிராம்பு, சோம்பு தாளிக்கும்போதே எதிர்வீட்டுக் கலா அக்கா ஜன்னல் வழியாக, "அண்ணன் வந்துட்டாருங்களா?" என்று கேட்கும்.

அம்மா கதவில் சாய்ந்துகொண்டு கிண்டல் செய்வாள். "மூணு விசில்ல முடியற வேலை. அதுக்கு இம்புட்டுக் கூத்து."

"குக்கரு விசிலடிச்சு நம்மள வெரட்டும் புள்ள. இது நாம வர்ற வரைக்கும் சும்மா குந்தியிருக்கும்."

"வெந்தாச் சரி."

குண்டானைச் சுற்றி வைத்ததும் நீங்கள் டியூப்லைட்டை அணைப்பீர்கள். அதுதான் எனக்குப் பிடித்த இடம். மூன்று பேரும் சுவரோரமாக வரிசையாக உட்காருவோம். வலது பக்கம் நீங்கள், கையில் சாப்பாட்டுத் தட்டு, அதுதான் ஸ்டீயரிங். நடுவில் நான், கேபினில் இன்ஜின் மூடிமேல் உட்காருகிற மாதிரி. இடது ஓரம் அம்மா. கம்பளி மூட்டை நமக்குப் பின்னால். "கேபின்ல லைட் எரிஞ்சா ரோடு தெரியாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பீர்கள். தொண்டையிலேயே கியர் மாற்றுவீர்கள். லோடு வண்டி கணவாயில் முனகிக்கொண்டு இறங்கும் சத்தம் அப்படியே வரும். "இந்தா, ரெட்டைப் பாலம் வருது, புடிச்சுக்குங்க. பின்னால ஒரு பஸ்காரன் ஹாரன அடிச்சே கொல்றான். போ சாமி, நீ மொதல்ல போய்ச் சேரு." நான் சிரித்துச் சிரித்து அம்மாமேல் சாய்வேன்.

கலா அக்கா வெளியிலிருந்து, "என்னங்கக்கா, உங்க வூட்ல மட்டும் கரண்ட் இல்லீங்களா?" என்று கேட்கும்.

"கரண்ட் இருக்குதும்மா. நாங்க வண்டியில போயிட்டிருக்கோம்" என்று நீங்கள்தான் பதில் சொல்வீர்கள்.

பாதி வழியில் தீவட்டிப்பட்டி வந்ததும், அதுவரை பேசாமல் இருக்கிற அம்மா சின்னக் குரலில், "பசிக்குதுங்க" என்பாள். நீங்கள், "ஓமலூர் வரட்டும்" என்பீர்கள். இருட்டில் இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே இரண்டு வார்த்தை. விளையாட்டில் அதுவும் ஒரு பகுதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருமுறை சாப்பிடும்போது, "ஏன்ப்பா எப்பவும் ஓமலூர்லயே நிக்கறோம்? மதுரை வரைக்கும் போலாமே?" என்று கேட்டேன். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மா, "அரிசி கொழைஞ்சிடும்டி" என்றாள்.

ஓமலூர் வந்ததும் லைட். முடிச்சை அவிழ்த்து மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஒரு பருக்கைகூட ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. முதல் கரண்டி அம்மாவுக்கு. "வண்டியில ஏறுனவங்களுக்குத்தான் மொதல்ல. ஓட்டறவன் கடைசியில." மற்ற நாளெல்லாம் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்கிற அம்மா, அன்று மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவாள். நீங்கள் உங்கள் தட்டைத் தொடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் ரொம்பப் பெரிய மனிதர் என்று எனக்குத் தோன்றிய நேரம் அதுதான், வண்டி ஓட்டும்போதுகூட இல்லை.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா தையல் கம்பெனி வேலைக்குப் போகிறாள். கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாய்ந்து இறக்கிவிடுகிறது. வந்ததும் எனக்கு ஏதாவது செய்து போடுவாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே வரக்காப்பி குடிப்பாள். "நீ சாப்புடும்மா" என்றால், "கம்பெனியில போண்டா குடுத்தாங்க, வயிறு ரொம்பிடுச்சு" என்பாள். தினமும் யார் போண்டா கொடுப்பார்கள்? காலையில் கொண்டுபோன டிபன் பாக்ஸும் பாதிக்குமேல் அப்படியே திரும்பி வரும். அம்மா நல்ல தையல்காரி இல்லையா, அதனால் இளைத்தது வெளியே தெரியவில்லை. தன் ஜாக்கெட்டுகளைத் தானே பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொள்கிறாள். போன பொங்கலுக்குப் பிறகு ஒருமுறை எல்லாவற்றையும் பிடித்தாள். போன வாரம் மறுபடியும் மிஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நீங்கள் ஒரே நாளில் போய்விட்டீர்கள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

அதனால்தான் காலையில் அந்தக் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு செய்தேன். இன்று அம்மா வரும்போது அந்தச் சோறு தயாராக இருக்க வேண்டும். அம்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

பள்ளிக்கூடம் விடுமுறை. காய் வாங்கி வந்தேன். தக்காளி அடிபட்டதாகக் கேட்டதற்குக் கடைக்காரர், "நல்லதே இருக்குதே, ஏம்மா?" என்றார். காரணம் சொன்னேன். அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். அரிசியை ஊறவைத்தேன். நீங்கள் நறுக்கும் அளவு என் கண்ணில் இருந்தது, கையில் இல்லை. கேரட் ஒன்று போல ஒன்று வரவில்லை. ஆனால் வாசனை சரியாக வந்தது. வெங்காயம் சிவந்து, தக்காளி கரைந்து, புதினா விழுந்ததும் கலா அக்கா ஜன்னலுக்கு வந்தது. எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வந்தது. குழிகள் தெரிந்தன. அடுப்பை அணைத்தேன். உங்கள் கயிற்று முடிச்சு எனக்கு வரவில்லை. ஷூ லேஸ் கட்டுவது போலக் கட்டினேன். கம்பளியில் சுற்றினேன். அதன் பிறகுதான் திகைத்து நின்றேன். எவ்வளவு நேரம்? இத்தனை தடவை உங்களோடு போயிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, லைட்தான் அணைந்திருக்குமே. போனில் மேப்பைத் திறந்து கணவாய் மேட்டிலிருந்து ஓமலூர் வரை போட்டேன். அரை மணி நேரத்துக்கும் குறைவாகக் காட்டியது. இவ்வளவு எளிதாகக் கண்டுபிடித்துவிட்டோமே என்று எனக்கு என்மேல் பெருமையாக இருந்தது.

வேன் சத்தம் கேட்டது. நேரமும் சரியாக முடிந்திருந்தது.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசனை வாசலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில் மூட்டையாக இருந்த கம்பளியைப் பார்த்தாள்.

"யாருடி உன்ன அத எடுக்கச் சொன்னது?"

அந்தக் குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

"குளிருதுன்னு எடுத்தேம்மா... அப்புறம்..."

"அதுல அவரு வாசம் இருக்குதுன்னு தொடாம வெச்சிருக்கறேன். அடுப்புச் சூட்டுல கொண்டாந்து சுத்தி வெச்சிருக்கற!"

எனக்கு வெட்கமான இடம் இதுதான் அப்பா. நான் அழுதேன். பெரிய பெண் மாதிரி சமாளிக்கவில்லை. மூக்கு ஒழுகத் தேம்பிக்கொண்டே, "அந்த வாசமே இந்தச் சோத்து வாசந்தாம்மா. மோந்து பாரு. நீ சாப்புடவே மாட்டேங்கற. ஜாக்கெட்ட எத்தன தடவ புடிப்ப?" என்று கத்திவிட்டேன்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து கம்பளியில் முகத்தை வைத்தாள். வாசனையை உள்ளே இழுத்தாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் கோபம் இல்லை.

"தொற, பாப்போம்" என்றாள்.

நான் முடிச்சை அவிழ்த்து மூடியைத் தூக்கினேன். ஆவி வந்தது. நிறமும் சரியாகத்தான் இருந்தது. அம்மா மேலாக ஒரு பருக்கையை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கினாள். நசுங்கவில்லை. நடுவில் வெள்ளையாக, கல்மாதிரி ஒரு துளி நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது.

"எங்க தொறந்த?" என்று அம்மா கேட்டாள்.

கேள்வி எனக்குப் புரிந்தது. நம் வீட்டில் மட்டும்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு.

"ஓமலூர்ல."

"இது ஓமலூர் இல்ல. தீவட்டிப்பட்டி."

"மேப் போட்டுக் கணக்குப் பாத்துத்தாம்மா தொறந்தேன்."

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. சிரிப்பு என்று எனக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சிரிப்பு முகத்தில் வந்து எவ்வளவு நாளாயிற்று! "கணக்கெல்லாம் சரிதாண்டி. வண்டிதான் தப்பு. இது காரு போற நேரம். தக்காளி லோடு ஏத்துன வண்டி கணவாயில காரு மாதிரியா எறங்கும்? உங்கப்பா கேட்டிருந்தாருன்னா, எங்க வூட்டுப் புள்ள என்ன இப்படிப் பறக்குதுன்னு பயந்திருப்பாரு."

பிறகு அந்த வேகாத சோற்றிலேயே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நறுக் நறுக்கென்று மென்றாள்.

"அம்மா, வேகலம்மா!"

"தெரியுது. இதே மாதிரிதான் இருந்துச்சு."

"எது?"

அப்போதுதான் சொன்னாள் அப்பா, நீங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷம் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை. கல்யாணமான புதிதில் நீங்கள் அம்மாவை ஒரே ஒரு தடவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனீர்களாம். அம்மாவுக்கு வெட்கம். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதைக்கூட உங்களிடம் சொல்லவில்லை. கணவாய் மேட்டில் சோற்றை ஏற்றி மூடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தீர்கள். பின்னாலிருந்து வாசனை வர வர அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தீவட்டிப்பட்டியில், "பசிக்குதுங்க" என்றாளாம்.

"நான் அவருகிட்ட வாயத் தொறந்து கேட்ட மொத விஷயமே அதுதான். மனுசன் அங்கயே ஓரங்கட்டிட்டாரு. பொறுமையா ஓமலூர் வரைக்கும் போலாம், போகல. தொறந்து போட்டாரு. அரிசியா வாயில கடிபடுது. புதுப் பொண்ணு, எப்படிச் சொல்றது? நல்லாருக்குதுன்னு தின்னுக்கிட்டே இருந்தேன். அப்புறம் அவரு ஒரு வாய் வெச்சுப் பாத்தாரு. மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா? என் தட்டுல இருந்தத வாங்கிக் குண்டான்லயே கொட்டி, சூடு பண்ணி, மறுபடியும் சுத்தி வெச்சாரு. ஓமலூர்ல வந்து தொறந்தா பூவாட்டம் இருக்குது. இனிமே உன் பசிக்குப் பயந்து பாதி வழியில தொறக்க மாட்டேன், உன்ன வேகாத சோறு திங்க வெக்க மாட்டேன்னாரு. கடைசி வரைக்கும் வெக்கல."

இதைச் சொல்லிக்கொண்டே அம்மாவின் கை வேலை செய்தது. கொஞ்சம் வெந்நீர் தெளித்தாள். குண்டானை அடுப்பில் வைத்துச் சிறு தீயில் ஆவி வரும்வரை விட்டாள். இறக்கி மூடி, கயிற்றைப் போட்டாள். பார்க்காமலேயே கட்டினாள். உங்கள் முடிச்சு அப்பா, தார்ப்பாய் முடிச்சு. எங்கே எப்போது கற்றுக்கொண்டாளோ. கம்பளியை அவளே எடுத்துச் சுற்றினாள். அதைச் சுவரோரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"குந்து. போலாம்."

லைட்டை அணைத்தாள். நான் என் இடத்தில், நடுவில் உட்கார்ந்தேன். இடது ஓரத்தில் உட்காருவாள் என்று நினைத்தேன். அம்மா கையில் தட்டை எடுத்துக்கொண்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கியர் சத்தம் சரியாக வரவில்லை. தொண்டை கரகரத்துப் பாதியில் நின்றது. ஆனால் வழி முழுக்கத் தெரிந்திருந்தது. எந்த வளைவில் தண்ணீர் விற்பார்கள், எங்கே இறக்கம் முடிந்து ரோடு நீளும், எல்லாம். மெதுவாகத்தான் ஓட்டினாள். என் மேப் வண்டி இந்நேரம் சேலத்தையே தாண்டியிருக்கும்.

கலா அக்கா குரல் கேட்டது. "அக்கா... கரண்ட் போயிடுச்சுங்களா?"

அம்மா தட்டை ஒரு வளைவுக்குத் திருப்பி நேராக்கினாள்.

"கரண்ட் இருக்குது கலா. நாங்க வண்டியில போயிட்டிருக்கோம்."

வெளியே கலா அக்கா மூக்கை உறிஞ்சியது கேட்டது. "போயிட்டு வாங்கக்கா" என்றது.

தீவட்டிப்பட்டி வந்தது. அந்த இடத்து வார்த்தையைச் சொல்ல வேண்டியவள் இப்போது ஓட்டிக்கொண்டிருந்தாள். அதனால் நான் சொன்னேன். "பசிக்குதும்மா."

"ஓமலூர் வரட்டும்" என்றாள் அம்மா. பிறகு, "எனக்குந்தான் பசிக்குது" என்றாள்.

அப்பா, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஓமலூரில் திறந்தோம். பூப்போல என்று சொன்னால் பொய். அடியில் கொஞ்சம் குழைந்துவிட்டது, கேரட் சில பெரிய துண்டாக நின்றது. நீங்கள் ஆக்கியது போல இல்லை. ஆனால் வெந்திருந்தது. முதல் கரண்டியை நான் அம்மாவுக்குப் போடப் போனேன். அவள் என் தட்டை முன்னால் தள்ளினாள். "ஓட்டறவ கடைசியில" என்றாள். எனக்குப் போட்ட பிறகு தனக்குப் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள். ஊறுகாய் எடுத்துவரச் சொன்னாள். இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள். நான் என் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று இன்று எனக்குத் தெரிந்தது. சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

"என்னடி வாயப் பாக்கற? தின்னு. அடியில இருக்கறத சொரண்டிடாத. காலையில எனக்கு வேணும்."

உங்களிடமிருந்து வந்ததில் குண்டானும் கயிறும் கம்பளியும் அம்மாவிடமே இருக்கட்டும். எனக்கு வந்தது வேறொன்று. எதையாவது முடிக்க அவசரப்படும்போதெல்லாம், இது எந்த வண்டி போகிற நேரம் என்று இனி ஒருமுறை கேட்டுக்கொள்வேன். பசியோடு ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அப்படிக் கேட்டுக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் இன்று பார்த்துவிட்டேன். நீங்கள் அதை வாழ்நாள் முழுக்கச் செய்தீர்கள், அதுவும் சிரிக்கவைத்துக்கொண்டே.

அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அதில் இன்னும் சூடு இருக்கிறதாம். கிராம்பு வாசனை காலையில் இருந்ததைவிடக் கூடியிருக்கிறது, நான் மோந்து பார்த்தேன். "யாருக்குடி இவ்வளவு நேரமா எழுதற?" என்றாள். சொன்னேன். அம்மா கம்பளியை விலக்கினாள். பிறகு எழுந்து வந்து ஸ்விட்ச் பக்கத்தில் நின்றாள்.

"உப்பு கம்மிங்கறதையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அப்ப போதும். கேபின்ல லைட் எரிஞ்சா அவருக்கு ரோடு தெரியாது."

லைட்டை அணைத்துவிட்டாள்.